ஒரு போர்வெல், ஒரு வரி: ஆய்வுத் தரவும் அதை அலசும் மென்பொருளும்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேதியியலோ நிலவியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ படிக்கிறவர்கள் ஆய்வுத் தலைப்பு தேடி அலைய வேண்டியதில்லை. அது காலுக்கடியிலேயே இருக்கிறது. இரண்டு மாவட்டங்களும் கடினப் பாறை நிலம். நைஸ், சார்னோகைட் பாறைகளின் வெடிப்புகளில் தேங்கிய தண்ணீரைத்தான் போர்வெல் மேலே இழுத்து வருகிறது. பாறையில் உள்ள பயோடைட், அப்படைட், ஃபுளோரைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு மெல்ல மெல்ல அந்தத் தண்ணீரில் கரைகிறது. பல்லில் பழுப்புக் கறையும், முற்றினால் மூட்டு இறுக்கமும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013ல் தொடங்கிய ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் என்ற சொல் இடம்பெற்றிருக்கிறது.

எனவே ஆண்டுதோறும் யாராவது ஒருவர் பாட்டில்களோடு ஊர் ஊராகக் கிளம்புகிறார். தண்ணீர் பிடித்து, பாட்டில் மேல் நம்பர் ஒட்டி, லேபுக்குக் கொண்டுவந்து, மின்முனை மீட்டரில் ரீடிங் எடுத்து எக்செல்லில் ஏற்றுகிறார். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. அப்புறம் "அனாலிசிஸ் போடணும்" என்ற கட்டம் வரும். எஸ்பிஎஸ்எஸ், ஆரிஜின், ஆர் என்று மென்பொருள் பெயர்கள் காதில் விழும். எதில் போடுவது என்று நண்பர்களிடம் விசாரிப்பார்கள். சிலர் கோப்பை அப்படியே டவுனில் ப்ராஜெக்ட் செய்துகொடுக்கும் கடையில் கொடுத்துவிட்டு, இரண்டு நாளில் அட்டவணையும் வண்ணப் படங்களுமாக வாங்கி வருவார்கள்.

எதில் போட்டாலும் கணக்கு ஒன்றுதான். இரண்டு சராசரிகள் உண்மையிலேயே வேறுபடுகின்றனவா என்று பார்க்கும் டி சோதனையை எக்செல்லில் செய்தாலும் எஸ்பிஎஸ்எஸ்ஸில் செய்தாலும் ஆரில் செய்தாலும் விடை மாறாது. மாறுவது அதற்கு முன்னால் எடுக்கும் ஒரு முடிவு: அட்டவணையில் ஒரு வரி என்பது எதைக் குறிக்கிறது? ஒரு போர்வெல்லா, ஒரு பாட்டிலா, ஒரு ரீடிங்கா, ஒரு வீடா? எந்த மென்பொருளும் இதைக் கேட்பதில்லை. ஒவ்வொரு வரியையும் தனித்தனி சாட்சியாக அது எண்ணிக்கொள்ளும். ஒரே ஆளைப் பத்து முறை கூண்டில் ஏற்றினால், பத்து சாட்சி என்றே தீர்ப்பு எழுதிவிடும்.

ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நான் எடுத்துக்காட்டுக்காக எழுதுபவை. ஓர் ஊராட்சியில் ஐந்து போர்வெல்கள். கோடையில் எடுத்த ஃபுளோரைடு அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்: 0.6, 0.8, 0.9, 1.1, 4.6. மழைக்குப் பிறகு அதே போர்களில் மறுபடி எடுக்கிறோம்: 0.5, 0.6, 0.8, 0.9, 4.3. மழையால் அளவு குறைந்ததா?

இரண்டு பட்டியல்களையும் தொடர்பில்லாத இரு கூட்டங்களாக மென்பொருளிடம் கொடுத்தால், சராசரி 1.6, 1.42 என்று சொல்லும். டி மதிப்பு 0.17, பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வேறுபாடு தெரியும் வாய்ப்பு) 0.87 சுமார். அதாவது வேறுபாடு ஒன்றும் இல்லை, கடையை மூடலாம். ஆனால் இவை வெவ்வேறு போர்கள் இல்லை. ஒவ்வொரு போரிலும் எவ்வளவு குறைந்தது என்று கழித்துப் பார்த்தால் 0.1, 0.2, 0.1, 0.2, 0.3. ஐந்திலும் குறைவு. ஒவ்வொரு போரையும் அதனுடனேயே ஜோடி சேர்க்கும் இணைச் சோதனையில் போட்டால் டி மதிப்பு 4.8; பி மதிப்பு 0.01க்கும் கீழே போகிறது. அதே பத்து எண்கள், அதே மென்பொருள், நேர் எதிரான இரண்டு முடிவுகள். 4.6 காட்டும் ஒற்றைப் போர் மற்ற நான்கிலிருந்தும் வெகுதூரம் விலகி நிற்பதால், தனிக்கூட்டச் சோதனையில் அந்த விலகல் மழையின் சிறு விளைவை மூடி மறைத்துவிடுகிறது. இணையாக எடுத்தால் அந்தப் போரும் தன்னோடு மட்டுமே ஒப்பிடப்படுகிறது.

இதில் மென்பொருளின் குணமும் தெரிந்திருப்பது நல்லது. ஆரில் டி சோதனைக் கட்டளையை எதுவும் சேர்க்காமல் ஓட்டினால் அது தனிக்கூட்டச் சோதனையைத்தான் செய்யும்; இணை என்று நாமாகச் சொல்ல வேண்டும். எஸ்பிஎஸ்எஸ்ஸில் இரண்டுக்கும் தனித்தனி மெனு. எக்செல்லின் சூத்திரம் 1, 2, 3 என்று வகை எண் கேட்கும். 1 என்றால் இணை. இணைச் சோதனையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மழைக்குப் பிந்தைய தாளை யாராவது அகர வரிசைப்படி அடுக்கியிருந்தால், முதல் வரிக்கு முதல் வரி என்று மென்பொருள் கண்ணை மூடிக்கொண்டு ஜோடி சேர்க்கும். காரிமங்கலத்துப் போரிலிருந்து பென்னாகரத்துப் போரைக் கழித்து ஒரு விடை சொல்லும். அதற்கும் பி மதிப்பு வரும்.

அதே ஐந்து எண்களை வைத்து இன்னொன்றும் பார்க்கலாம். கோடைச் சராசரி 1.6. இந்தியக் குடிநீர்த் தர விதி ஐஎஸ் 10500 ஃபுளோரைடுக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5தான். சராசரியை மட்டும் பார்த்தால் அந்த ஊராட்சித் தண்ணீர் எல்லை தாண்டிவிட்டது. உண்மையில் ஐந்தில் நான்கு போர்கள் 1.5க்குக் கீழேதான் இருக்கின்றன, நடுமதிப்பு 0.9. ஒரே ஒரு போர் மட்டும் மிக மோசம். அந்தப் போரைச் சிவப்பு வண்ணம் அடித்து மூட வேண்டிய இடத்தில், ஊர் முழுவதையும் சராசரி பயமுறுத்துகிறது. ஐம்பது போர்கள் உள்ள தரவில் இதே கணக்கு தலைகீழாகவும் நடக்கும்: நல்ல போர்களின் கூட்டத்தில் கெட்டவை கரைந்துபோய் சராசரி அழகாக இருக்கும்.

அதைப் பட்டைப் படமாக வரைந்து மேலே பிழைக்கோடு போடும் வழக்கம் இருக்கிறதே, அதையும் இந்த எண்களில் செய்து பாருங்கள். எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் திட்டவிலக்கம் 1.69. சராசரி 1.6. கோட்டின் கீழ்முனை பூஜ்யத்துக்கும் கீழே போய் நிற்கும். லிட்டருக்கு மைனஸ் 0.09 மில்லிகிராம் ஃபுளோரைடு! ஆரிஜினும் எக்செல்லும் கூச்சமில்லாமல் வரைந்து தரும். இதை மறைக்கவே சிலர் திட்டவிலக்கத்துக்குப் பதில், அதை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்துவரும் திட்டப்பிழையைப் போடுகிறார்கள், அது 0.75 என்பதால் கோடு குட்டையாகி அழகாகிவிடும். கோடு எதைக் குறிக்கிறது என்று படத்தின் கீழ் எழுதாத தீசிஸ்கள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. ஐந்து எண்கள் இருந்தால் ஐந்து புள்ளிகளை வைத்துவிடுவதே நேர்மை. நாற்பது எண்கள் இருந்தாலும் புள்ளிகளை வைக்கலாம், பின்னணியில் பெட்டிப்படம் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். பட்டைப் படம் எண்ணிக்கைகளுக்கு உரியது. அளவீடுகளுக்கு அது பொருந்துவதில்லை என்பது என் கட்சி.

படம் வரையாமல் எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் புள்ளியியலில் ஒரு பழைய பாடம் உண்டு. ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973ல் நான்கு சிறு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். நான்கிலும் எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5, இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் தொடர்புக் கெழு 0.816, பொருத்தும் நேர்கோடும் ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைகோடு, மற்ற இரண்டும் ஒற்றைப் புள்ளி ஒன்றால் இழுபட்டவை. நம் ஐந்து போர்களில் 4.6 செய்வதும் அதே வேலைதான்.

சரி, மென்பொருளைத் திறப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்? எக்செல் தாளில்தான் பாதி விபத்துகள் நடக்கின்றன. மாரண்டஅள்ளியில் எடுத்த முதல் சாம்பிளுக்கு ஊர்ப்பெயரின் முதல் மூன்று ஆங்கில எழுத்தையும் 1 என்ற எண்ணையும் சேர்த்துப் பெயர் வைத்தால், எக்செல் அதை மார்ச் 1 என்ற தேதியாக்கிவிடும். சர்வே நம்பர் 12/3 என்று அடித்தால் அதுவும் தேதிதான். இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. மரபணுக்களின் பெயர்களை எக்செல் இப்படித் தேதியாக்கி ஆய்வுக் கட்டுரைகளில் பிழையாக ஏறி, கடைசியில் 2020ல் மரபணுப் பெயரிடும் குழுவே சில பெயர்களை மாற்றிக்கொண்டது. தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதியை எக்செல் 2023ல்தான் கொடுத்தது. தாளைத் திறந்ததும் அந்த நெடுவரிசையை எழுத்து வகை என்று அமைத்துவிட்டு அடிப்பதே பத்திரம்.

ஊர்ப்பெயர் இன்னொரு தலைவலி. இந்தப் பக்கத்து ஊர்களில் பாதிக்கு 'அள்ளி' என்று முடியும். அதையே ஆங்கிலத்தில் 'ஹள்ளி' என்றும் எழுதுவார்கள், ஒற்றை எல், இரட்டை எல் வேறு. பாலக்கோட்டை எத்தனை விதமாக எழுதலாம் என்று பஸ் போர்டுகளைப் பார்த்தாலே தெரியும். கோடையில் ஒரு மாதிரியும் மழையில் ஒரு மாதிரியும் எழுதியிருந்தால் மென்பொருளுக்கு அவை இரண்டு ஊர்கள். ஊருக்கு ஓர் எண், போருக்கு ஓர் எண் என்று முதலிலேயே கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

கண்டறிய முடியாத அளவு என்று லேப் எழுதிக்கொடுக்கும் ரிசல்ட்டும் அப்படித்தான். ஃபுளோரைடில் இது குறைவு. ஈயம், குரோமியம் போன்றவற்றில் நிறைய வரும். அந்தக் கட்டத்தில் எழுத்தாக எதையாவது அடித்தாலோ காலியாக விட்டாலோ எக்செல்லின் சராசரி அதைச் சேர்க்காமல் விட்டுவிடும், சராசரி ஏறும். பூஜ்யம் போட்டால் இறங்கும். இரண்டும் தவறு. எந்த எல்லைக்குக் கீழே என்பதைத் தனி நெடுவரிசையில் குறித்து வைத்தால் பிறகு அதற்கென்று உள்ள முறைகளைப் பயன்படுத்தலாம். குறிக்காமல் விட்டால் திரும்பக் கிடைக்காது.

நீர் வேதியியல்காரர்களுக்கு மட்டும் ஒரு நல்ல வசதி இருக்கிறது, மற்ற துறைகளுக்கு இல்லாதது. தண்ணீரில் நேர்மின் அயனிகளின் மொத்த மின்னூட்டமும் எதிர்மின் அயனிகளின் மொத்த மின்னூட்டமும் சமமாக இருந்தாக வேண்டும். கால்சியம், மெக்னீசியம், சோடியம், பொட்டாசியத்தை ஒரு பக்கமும், பைகார்பனேட், குளோரைடு, சல்ஃபேட், நைட்ரேட்டை மறுபக்கமும் மில்லி ஈக்விவலண்ட்டில் (மின்னூட்டத்தைக் கணக்கில் எடுக்கும் அலகு) கூட்டினால் வேறுபாடு 5 சதவீதத்துக்குள், அதிகம் போனால் 10க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் லேபில் எங்கோ தவறு. எக்செல்லில் ஒரே ஒரு சூத்திரம் போதும். இந்தச் சோதனையில் தோற்ற சாம்பிள்களை வைத்துக்கொண்டு பல அளவீடுகளைச் சில கூறுகளாகச் சுருக்கும் முதன்மைக் கூறு பகுப்பாய்வு வரைக்கும் போகிறவர்களைப் பார்த்தால் என்ன சொல்வது?

தொடர்புக் கெழு அட்டவணைக்கு வருவோம். பிஹெச் தொடங்கி ஃபுளோரைடு வரை 12 அளவீடுகள் என்றால் 66 ஜோடிகள். எஸ்பிஎஸ்எஸ் அத்தனைக்கும் கெழு போட்டு, 5 சதவீதத்தில் தேறியவற்றுக்கு நட்சத்திரம் ஒட்டித் தரும். ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லாத எண்களைக் கொடுத்தாலும் 66ல் மூன்று நட்சத்திரம் சும்மாவே விழும். தீசிஸில் அந்த மூன்றுக்கும் மூன்று பத்தி விளக்கம் எழுதப்படும். அதைவிட வேடிக்கை, மின்கடத்து திறனுக்கும் மொத்தக் கரைபொருளுக்கும் 0.99 தொடர்பு என்று மகிழ்ச்சியோடு அறிவிப்பது. கையடக்க மீட்டர் மின்கடத்து திறனைத்தான் அளக்கிறது, அதை 0.64 போன்ற ஓர் எண்ணால் பெருக்கித்தான் கரைபொருள் அளவைக் காட்டுகிறது. ஒரே ரீடிங்கை இரண்டு நெடுவரிசையில் எழுதி, இரண்டும் ஒத்துப்போகின்றன என்று வியக்கிறோம்.

இதற்குப் பதிலாக, வேதியியல் எதை எதிர்பார்க்கிறதோ அதை வரைந்து பார்க்கலாம். ஃபுளோரைடும் கால்சியமும் சேர்ந்தால் கரைதிறன் குறைந்த கால்சியம் ஃபுளோரைடாகப் படியும். ஆகவே கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் கூடிய தண்ணீரில்தான் ஃபுளோரைடு தங்கும். கால்சியத்தை ஓர் அச்சிலும் ஃபுளோரைடை மற்றதிலும் வைத்து ஒரே ஒரு சிதறல் படம் போட்டால், 66 கெழுக்களைவிட அது அதிகம் பேசும். அளவுகள் பல மடங்கு வேறுபட்டால் மடக்கை அச்சில் போடுவது கூடுதல் தெளிவு.

தண்ணீரில் எந்த அயனி எத்தனை பங்கு என்று காட்டும் பைப்பர் படம் நீர் ஆய்வுகளில் தவறாமல் இருக்கும். ஆர்தர் பைப்பர் 1944ல் கொடுத்த முறை. இரண்டு முக்கோணம், நடுவில் ஒரு வைரம். ஆரிஜினிலும் கிராஃபரிலும் நேரடியாகவே போடலாம். தண்ணீர் எந்த வகை என்று சொல்ல நல்ல படம்தான். ஆனால் அது சதவீதப் படம். கரைபொருள் 300 உள்ள கிணறும் 3000 உள்ள கிணறும் அயனி விகிதம் ஒன்றாக இருந்தால் ஒரே புள்ளியில் உட்காரும். குடிக்கலாமா கூடாதா என்ற கேள்விக்குப் பைப்பரில் விடை தேடக் கூடாது.

வரைபடங்களிலேயே என்னை அதிகம் உறுத்துவது வண்ண மேப். முப்பது, நாற்பது போர்களின் அளவைக் கொடுத்தால் சர்ஃபரோ கியூஜிஐஎஸ்ஸோ (வரைபட மென்பொருள்கள்) மாவட்டம் முழுவதையும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வழவழப்பாக நிரப்பித் தரும். புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடத்துக்கு மென்பொருள் மதிப்பை ஊகிக்கிறது. அப்படி ஊகிக்கும் கிரிகிங் என்ற முறை டேனி கிரிக் என்ற தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளரின் பெயரால் வந்தது. அருகருகே உள்ள இடங்கள் ஒத்திருக்கும் என்பதே இத்தகைய முறைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வண்டல் நிலத்தில் அது பெரும்பாலும் செல்லும். நம் பக்கத்துப் பாறையில் நிலைமை வேறு. ஒரு போர் ஒரு வெடிப்பைப் பிடித்திருக்கும், இருநூறு அடி தள்ளிப் போட்ட போர் இன்னொரு வெடிப்பை. ஒன்றில் தண்ணீரே வராமல் போவதும் மற்றதில் பொங்குவதும் எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார். தண்ணீர் இருப்பதே இப்படி மாறும் நிலத்தில், பத்து கிலோமீட்டர் இடைவெளியில் எடுத்த இரண்டு சாம்பிளுக்கு நடுவே உள்ள ஊர்களின் ஃபுளோரைடை வண்ணத்தால் சொல்வது துணிச்சல். கிரிகிங் செய்யும்போதே ஊகப்பிழை மேப்பையும் சேர்த்து எடுக்கலாம். அதை யாரும் அச்சிடுவதில்லை. என்னைக் கேட்டால் வட்டங்களை வைக்கச் சொல்வேன்: போர் இருக்கும் இடத்தில் ஒரு வட்டம், அளவுக்கேற்ற நிறம், வட்டங்களுக்கு இடையே வெறும் வெள்ளை.

நிறம் என்றதும் ஒரு நடைமுறைச் செய்தி. வானவில் வரிசை நிறங்கள் இல்லாத எல்லைகளைக் கண்ணுக்குக் காட்டும் என்று பலர் சொன்ன பிறகு, பைதான் மொழியில் படம் வரையும் மேட்பிளாட்லிப் 2017ல் தன் இயல்பு நிறவரிசையை விரிடிஸ் என்பதற்கு மாற்றியது. விரிடிஸ் கருப்பு வெள்ளை ஜெராக்ஸிலும் தாக்குப்பிடிக்கும். நம் தீசிஸ் பிரதிகள் பெரும்பாலும் ஜெராக்ஸில்தான் அடுத்த மாணவரிடம் போய்ச் சேர்கின்றன. சிவப்பும் பச்சையும் அங்கே ஒரே சாம்பல்.

வயலுக்கு வந்தால் வரியின் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. காவேரிப்பட்டணம் பக்கத்தில் பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கேழ்வரகிலும் கொள்ளிலும் பையூர் 1, பையூர் 2 என்ற ரகங்கள் அந்த ஊர்ப் பெயரைத் தாங்கியவை. இப்படிப்பட்ட நிலையங்களில் சோதனை வயலைப் பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்கிறார்கள். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் பண்ணைக்கு 1919ல் போய்ச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் உருவாக்கிய வழி இது. பல கூட்டங்களின் சராசரிகளை ஒன்றாக ஒப்பிடும் மாறுபாட்டுப் பகுப்பாய்வும் அங்கே அவர் உருவாக்கியதுதான்.

நான்கு உர அளவு, மூன்று மறுசெய்கை (ஒவ்வொன்றும் ஒரு தொகுதி) என்றால் பன்னிரண்டு பாத்திகள். ஒவ்வொரு பாத்தியிலும் பத்துச் செடியைத் தேர்ந்து கதிர் எடை பார்க்கிறோம். கையில் 120 எண்கள். 120 வரியையும் அப்படியே ஏற்றினால் பிழைக்கான விடுதலைப் படிகள் (பிழையை மதிப்பிடக் கிடைக்கும் தனித்தனித் தகவல்களின் எண்ணிக்கை) நூறைத் தாண்டிப் போகும், எல்லாம் முக்கிய வேறுபாடு என்று மென்பொருள் அறிவிக்கும். ஆனால் உரம் இட்டது செடிக்கு அல்ல, பாத்திக்கு. பாத்திச் சராசரியை எடுத்தால் வரிகள் பன்னிரண்டுதான், விடுதலைப் படிகள் வெறும் ஆறு. அப்போது சி.டி. மதிப்பு (இரண்டு சராசரிகளை வேறு என்று சொல்லத் தேவையான குறைந்தபட்ச இடைவெளி) பெரிதாகும், பாதி வேறுபாடுகள் காணாமல் போகும். ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் 1984ல் இந்தத் தவறுக்குப் போலி மறுசெய்கை என்று பெயரே வைத்தார். செடிகளை வீணாக எடுத்தோமா என்றால் இல்லை. பாத்திச் சராசரி அதனால் துல்லியமாகிறது. கூடுதல் சாட்சி மட்டும் கிடைப்பதில்லை. மாந்தோப்பிலும் இதே கதை: ஒரே மரத்தை மூன்று வருடம் எடை போட்டால் மூன்று மரம் ஆகாது. ஒரே மரத்தின் பல அளவீடுகளை ஒன்றாகக் கட்டிக் கணக்கிடும் கலப்பு மாதிரிகள் அதற்கு இருக்கின்றன, ஆரில் இலவசமாகவே.

இயற்பியல், நானோ வேதியியல் பக்கம் இருப்பவர்கள் இதெல்லாம் தங்களுக்கு இல்லை என்று நினைக்கலாம். அவர்கள் ஆரிஜினோடு வாழ்கிறவர்கள். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுத் தரவு வந்ததும் முதல் வேலை ஸ்மூத் பட்டனை அழுத்துவது. சாவிட்ஸ்கியும் கோலேயும் 1964ல் கொடுத்த முறை அந்தப் பட்டனுக்குள் இருக்கும் முறைகளில் ஒன்று. அளவோடு பயன்படுத்தினால் நல்லது. ஆனால் ஜன்னலை (ஒரு நேரத்தில் சேர்த்துப் பார்க்கும் புள்ளிகளின் எண்ணிக்கையை) அகலமாக வைத்து மழித்தால் முகடு குட்டையாகி அகலும். முகட்டின் அகலத்திலிருந்து துகள் அளவைக் கணக்கிடும் ஷெரர் சூத்திரத்தில் அந்த அகலத்தை வகுக்கும் இடத்தில் போடுகிறோம். அகலம் கூடினால் துகள் அளவு குறையும். ஆவாரை இலைச் சாற்றில் செய்த துகள் 18 நானோமீட்டரா 25ஆ என்பதை மாணவரின் சுட்டுவிரல் தீர்மானித்துவிடலாம். ஸ்மூத் செய்ததைக் கண்ணுக்கு மட்டும் காட்டிவிட்டு, மூலத் தரவில் வளைகோடு பொருத்தி அகலம் எடுப்பதும், கருவியே சேர்க்கும் அகலத்தைக் கழிப்பதும்தான் முறை.

இப்போது எந்த மென்பொருள் என்ற கேள்வி. எஸ்பிஎஸ்எஸ் 1968ல் சமூக அறிவியலுக்காகப் பிறந்தது, 2009ல் ஐபிஎம் வாங்கியது. மெனு எளிது, விலை எளிதல்ல. ஆரிஜினும் அப்படியே. கல்லூரியில் உரிமம் இல்லாமல் பென்டிரைவில் சுற்றும் திருட்டுப் பிரதிகளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். வைரஸ் ஒருபக்கம், ஆய்விதழ் பதிப்பு எண் கேட்டால் எழுத முடியாத நிலை மறுபக்கம். எஸ்பிஎஸ்எஸ் போலவே நடந்துகொள்ளும் பிஎஸ்பிபி, அதைவிடக் கண்ணுக்கு இனிய ஜாஸ்ப், ஜமோவி எல்லாம் இலவசம். வேளாண் சோதனைகளுக்குக் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கிரேப்ஸ், ஹிசார் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆப்ஸ்டாட் இரண்டையும் பிரவுசரிலேயே ஓட்டலாம்.

இருந்தும் நேரம் இருக்கிறவர்களை ஆர் பக்கம் தள்ளவே எனக்கு ஆசை. ஆக்லாந்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொடங்கியது, 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29ல் வந்தது. இலவசம் என்பது இரண்டாவது காரணம். முதல் காரணம், செய்ததெல்லாம் எழுத்தில் இருக்கும். கைடு மூன்றாவது திருத்தத்தில் "அந்தப் பதினேழாம் சாம்பிளை எடுத்துட்டுப் பாரும்மா" என்பார். மவுஸால் செய்தவர் முதலிலிருந்து முப்பது கிளிக். ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர் ஒரு வரியை மாற்றி ஓட்டினால் அட்டவணை, படம் எல்லாம் புதிதாக வரும். பதினேழை எடுத்தது ஏன் என்று வைவாவில் கேட்டாலும் அந்த வரிக்குப் பக்கத்திலேயே காரணம் எழுதியிருக்கும். இப்போது சாட்பாட்டைக் கேட்டாலும் ஸ்கிரிப்ட் எழுதித் தருகிறது. ஆனால் ஐந்து போர்களும் அதே போர்கள் என்று நாம் சொல்லாவிட்டால் அதற்கும் தெரியாது. தொழில்நுட்பம் எதுவானாலும், மூலத் தரவை எந்த மென்பொருளிலும் திறக்கும் சிஎஸ்வி கோப்பாக ஒரு பிரதி வைத்துவிடுவது நல்லது. ஆரிஜின் கோப்பு உரிமம் முடிந்த பிறகு வெறும் பார்வைக்குத்தான் உதவும்.

கடைசியாகப் பல் ஆய்வுகள். பல் கறையின் தீவிரத்தை ட்ரெண்ட்லி டீன் 1930களில் தொடங்கி வகுத்த அளவுகோலில் படிப்படியாகக் குறிப்பது வழக்கம். அது வரிசைத் தரம். ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள தூரம் இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள தூரம் அல்ல. வழக்கமான பியர்சன் தொடர்புக் கெழுவுக்குப் பதில், வரிசை எண்களை மட்டும் பார்க்கும் ஸ்பியர்மேன் கெழுவைப் போட்டால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். தீராத சிக்கல் காலத்தில் இருக்கிறது. நிரந்தரப் பற்களின் எனாமல் ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகிவிடுகிறது, அறிவுப்பல் தவிர. முப்பது வயதுக்காரரின் பல் அவர் சிறுவயதில் குடித்த தண்ணீரைச் சொல்கிறது. ஆய்வாளரோ இன்றைக்கு அந்த வீட்டுப் போரில் பிடித்த தண்ணீரை அதே வரியில் எழுதுகிறார். நடுவில் ஒகேனக்கல் குழாய் வந்திருக்கும், பழைய கிணறு வற்றிப் புதுப் போர் போட்டிருப்பார்கள், அல்லது பல் காட்டிய பெண் பாகலூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவராக இருப்பார். தொடர்பு இல்லை என்று மென்பொருள் சொன்னால் அது தண்ணீரின் குற்றமல்ல. பிறந்த ஆண்டு, எட்டு வயதுவரை வாழ்ந்த ஊர், அப்போது குடித்த நீர், வீட்டுக்குக் குழாய் வந்த வருடம் என நான்கு நெடுவரிசைகள் அந்தத் தாளில் இருந்திருக்க வேண்டும்.

அந்த நான்கும் இருந்தால் இந்த மாவட்டங்களில் இப்போது நல்லதோர் ஆய்வே செய்யலாம். காவிரித் தண்ணீர் வந்தபிறகு பிறந்த முதல் குழந்தைகளுக்கு நிரந்தர முன்பற்கள் முளைத்துவிட்டன. அதே வீட்டில் குழாய் வருவதற்கு முன்பே எட்டு வயதைத் தாண்டிய அண்ணனோ அக்காவோ இருப்பார்கள். சமையல், டீ, உணவுப் பழக்கம் எல்லாம் பெரும்பாலும் பொது, மாறியது தண்ணீர். அண்ணன் தம்பியை ஒரே வரியில் இரண்டு நெடுவரிசையாக எழுதி, வரிசைத் தரங்களுக்கான இணைச் சோதனையான வில்காக்சன் இணைத் தரவரிசைச் சோதனையைப் போட வேண்டும். பிஎஸ்பிபியில் அதற்கு அரை நிமிடம் ஆகும்.